உதறிய பாம்பும் உறைந்த நாவும்

திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி அதிகாரம் ஒரு கடற்கரையில் தொடங்குகிறது. மழையும் குளிரும் வாட்டுகின்றன. உடைந்த கப்பலின் பலகைகளைப் பற்றிக்கொண்டு 276 பேர் கரையேறியிருக்கின்றனர். கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்படும் புனித பவுலும், நம் முன்னோர் வழக்கில் புனித சின்னப்பரும், அவர்களுள் ஒருவர். மால்தாத் தீவின் மக்கள் நெருப்பு மூட்டி அவர்கள் அனைவரையும் அன்போடு வரவேற்கின்றனர். திருத்தூதரும் சும்மா இருக்கவில்லை. சுள்ளிகளைப் பொறுக்கி வந்து தீயில் இடுகிறார். அப்பொழுது வெப்பம் தாங்காமல் வெளிப்பட்ட விரியன் ஒன்று அவருடைய கையைப் பற்றிக்கொள்கிறது.

இதைக் கண்ட தீவினர் முதலில் அவரைக் கொலைகாரன் என்று தீர்மானிக்கின்றனர்: கடலுக்குத் தப்பியவனை நீதி விடவில்லையாம். அவர் வீங்கவுமில்லை, விழுந்து சாகவுமில்லை என்று கண்டபின், அதே மக்கள் அவரைத் தெய்வம் என்கின்றனர். இரண்டு தீர்ப்புகளும் தவறானவை. இரண்டுமே கண்முன் நிகழ்ந்த வியப்பை அவசரமாகப் படித்ததன் விளைவு. பவுல் செய்தது என்னவென்று லூக்கா மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்: பாம்பைத் தீயில் உதறினார். அடுத்து அவரை நாம் காண்பது, காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் துன்புற்ற ஒரு முதியவரின் படுக்கையருகில். அங்கே அவர் இறைவனை வேண்டுகிறார். கைகளை வைத்துக் குணப்படுத்துகிறார்.

அந்தப் பாம்பு என்னவாயிற்று? லூக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பின்வந்த தலைமுறையினர் அதைப் பற்றி நிறையவே சொன்னார்கள். அவர்கள் சொன்னதும், அதனால் ஒரு சிறு கல் அரசர்களின் அறைகளுக்குள் புகுந்ததும், அந்தக் கல்லை உற்று நோக்கிய ஒருவர் பின்னர் ஆயராகி முத்திப்பேறு பெற்றவர் வரிசையில் சேர்ந்ததும் நாம் அறிந்து சிந்திக்கத் தக்க வரலாறு.

கல்லாகிய நாக்கு

மால்தாத் தீவு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறையை உடைப்போர் கைகளில் விந்தையான கற்கள் அகப்படுவதுண்டு. முக்கோண வடிவம், மெருகிட்டாற் போன்ற பளபளப்பு, ஓரங்களில் அரம் போன்ற நுண்ணிய பற்கள். சில விரல்நகம் அளவே இருக்கும். சில உள்ளங்கையை நிரப்பும். நீட்டிய நாக்கின் நுனியைப் போன்று தோன்றுவதால் கற்றோர் இதற்கு 'நாக்குக் கல்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரிட்டனர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை அறிஞர் பிளினி, இக்கல் மண்ணில் விளைவதன்று, நிலவு மறையும் பொழுதில் வானிலிருந்து விழுவது என்ற செய்தியைத் தம் இயற்கை வரலாற்று நூலில் குறித்து வைத்தார்.

மால்தா மக்களோ இதற்கு விவிலியத்தில் ஒரு பிறப்பிடம் கண்டனர். பவுல் அடியார் தம்மைத் தீண்டிய பாம்பின் பொருட்டுத் தீவின் பாம்புகளையெல்லாம் சபித்தாராம். அன்றே அவற்றின் நஞ்சு அழிந்ததாம். அவற்றின் நாக்குகள் கல்லாகிப் பாறையில் உறைந்தனவாம். அவர்களுடைய மொழியில் இக்கல்லின் பெயரே 'புனித பவுலின் நாக்கு'.

நஞ்சை வென்ற திருத்தூதரின் நினைவைச் சுமக்கும் கல், நஞ்சை முறிக்கும் மருந்தாகவும் கருதப்பட்டது இயல்பே. அக்காலத்து அரசவைகளில் நஞ்சைப் பற்றிய அச்சம் மிகுதி. ஆகவே பவளக் கிளைகளில் இக்கற்களைக் காய்களைப் போலத் தொங்கவிட்டு விருந்து மேசைமேல் வைத்தனர். திராட்சை இரசக் கிண்ணத்தில் அவற்றைத் தோய்த்த பின்னரே பருகினர். அத்தகைய கிளைகளை வியன்னா நகரில் இன்றும் காணலாம். மால்தாவில் இராபாத்து என்னும் ஊரில், பவுல் தங்கியதாகப் போற்றப்படும் குகையின் வெண்மண்ணும் முத்திரையிடப்பட்டு நஞ்சு முறிவாக ஐரோப்பாவெங்கும் சென்றது. இவ்வாறு திருநூலின் சில வரிகள் கழுத்தில் தாயத்தாகவும் மேசையில் காவலாகவும் மாறிவிட்டன.

விந்தை அறைகள்

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் அரசர், மருத்துவர், மருந்து வணிகர், துறவியர் ஆகியோரிடையே ஒரு வழக்கம் பரவியது. இயற்கையிலும் கலையிலும் அரியனவற்றையெல்லாம் திரட்டித் தனி அறையில் அடுக்கி வைத்து, வருவோருக்குக் காட்டினர். நம் மொழியில் அவற்றை விந்தை அறைகள் எனலாம். நேப்பிள்ஸ் நகரத்து மருந்து வணிகர் ஃபெர்ராந்தே இம்பெராத்தோ 1599-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய அறையின் படம் ஒன்று உண்டு. கூரையிலிருந்து பெரிய முதலை தொங்குகிறது. அதைச் சுற்றிலும் சிப்பிகளும் மீன்களும். சுவரெங்கும் நூல்களும் பெட்டிகளும். பார்க்க வந்த பெருமக்கள் மேல்நோக்கி வியந்து நிற்கின்றனர். இன்றைய அருங்காட்சியகங்களின் மூதாதை இந்த அறைகளே.

இவற்றில் நாக்குக் கற்கள் தவறாமல் இடம்பெற்றன. ஆனால் அவை மட்டுமே அங்கிருந்த விவிலியப் பொருள்கள் அல்ல. ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ருடோல்ஃப் பிராகா நகரில் திரட்டிய பெருந்தொகுப்பில் நோவாவின் பேழையினின்று எடுத்த ஆணிகள் இருந்தனவென்பது, அத்தொகுப்பைப் பற்றி எழுதுவோர் பலரும் கூறும் செய்தி. 1616-இல் பாபிலோனின் இடிபாடுகளைக் கண்ட உரோமைப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, அங்கிருந்த மேட்டையே பாபேல் கோபுரம் என்று கருதிச் செங்கற்களைக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்று, உரோமையிலுள்ள இயேசு சபைக் கல்லூரியில் அருங்காட்சியகம் நடத்திய தந்தை அத்தனாசியுஸ் கிர்ஹரின் கைக்குச் சேர்ந்தது. இலண்டனுக்கு அருகே லாம்பெத்தில் டிரேட்ஸ்கன்ட் என்னும் தோட்டக்கலை வல்லுநரின் இல்லத்திற்கோ 'பேழை' என்பதே பெயர். 1638-இல் அங்கு வந்த ஜெர்மானியப் பயணி ஒருவர் தாம் கண்டவற்றை வரிசையாக எழுதி வைத்துள்ளார். கடற்கன்னியின் கை, பதப்படுத்திய பிணத்தின் கை, விலையுயர்ந்த கற்கள், நாணயங்கள், இறகுகளால் செய்த ஓவியம். இவற்றின் நடுவே கிறிஸ்துவின் சிலுவையினின்று எடுத்த சிறு மரத்துண்டு!

இவையெல்லாவற்றிலும் சிறப்பு வாய்ந்தவை இரண்டு. 1564-இல் பேரரசர் முதலாம் ஃபெர்டினாந்து இறந்ததும் அவருடைய மூன்று மைந்தர்களும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். தந்தையின் செல்வத்தில் இரண்டு பொருள்களை மட்டும் ஒருபோதும் பங்கிடவோ விற்கவோ கூடாது; அவை குடும்பத்தின் பொதுச்சொத்தாக என்றும் நிற்கவேண்டும். ஒன்று, ஒரே அகேட் கல்லிலிருந்து குடைந்தெடுத்த, ஏறத்தாழ 75 செ.மீ. அகலமுள்ள கிண்ணம். கல்லின் வரிகளிலேயே கிறிஸ்துவின் பெயர் எழுத்தாகத் தெரிவதாக நம்பினர். ஆண்டவர் இறுதி இராவுணவில் கையாண்ட கிண்ணமே அது என்றும் கருதினர். மற்றொன்று, போலந்து அரசர் 1540-இல் பரிசளித்த, ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக்கொம்பு. இரண்டும் இன்றும் வியன்னாவின் அரசக் கருவூலத்தில் உள்ளன.

ஒற்றைக்கொம்பு விலங்குக்கும் விவிலியத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். திருப்பாடல்களில் வரும் ஓர் எபிரேயச் சொல்லைக் கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் 'ஒற்றைக்கொம்பு விலங்கு' என்று பெயர்த்தனர். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பொன்றில் அது 'காண்டாமிருகம்' ஆயிற்று. காட்டெருதைக் குறிப்பதே அச்சொல் என்பது இன்று அறிஞர்தம் கருத்து. ஆனால் அன்றோ, திருநூல் சொல்லும் விலங்கின் கொம்பு என்ற மதிப்பால் அதன் விலை பொன்னினும் மிகுந்தது. 1638-இல் கோபன்ஹேகன் நகர மருத்துவரும் பெரியதொரு விந்தை அறையின் உரிமையாளருமான ஓலே வோர்ம் உண்மையை வெளிப்படுத்தினார். மண்டையோட்டோடு கூடிய முழுக்கொம்பை முன்வைத்து, அது வடகடலில் வாழும் நார்வால் என்னும் திமிங்கிலவகையின் நீண்ட பல்லே என்று காட்டினார். அதே ஆண்டில், அதே நகரில், ஒரு பொற்கொல்லரின் வீட்டில் பிறந்த குழந்தையைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

மண்டியிடுதலும் வியந்து நிற்றலும்

இவ்விடத்தில் சற்று நின்று ஒரு வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பது நல்லது. இக்காலத்தில் அருளிக்கங்கள் என்று நாம் வழங்கும் திருப்பண்டங்களைத் திருச்சபை தொடக்கமுதல் போற்றி வந்துள்ளது. தூய ஆவி குடிகொண்ட உடல், உயிர்த்தெழப்போகும் உடல் என்பதனாலேயே மறைச்சாட்சியரின் எலும்புகள்மீது பலிபீடங்கள் எழுந்தன. புனித எரோணிமுஸ், விஜிலான்சியுஸ் என்பவரின் குறைகூறலுக்கு 406-இல் மறுமொழி எழுதியபோது, நாம் அவற்றை வழிபடவில்லை, அவை யாருக்குச் சான்று பகர்ந்தனவோ அவரை வழிபடுகிறோம் என்னும் கருத்தையே நிலைநாட்டினார். ஆக, திருப்பண்டம் சுட்டு விரல் போன்றது. பார்வையை ஆண்டவரிடம் செலுத்திவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும்.

விந்தை அறைப் பொருளின் இயல்பு வேறு. அது யாரிடம் இருக்கிறதோ அவருடைய பெருமையை உயர்த்தும். அதன்முன் யாரும் மண்டியிடுவதில்லை. விழி விரிய நிற்பதோடு சரி. கடற்கன்னியின் கைக்கும் சிலுவையின் மரத்துண்டுக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைப்பதன் பொருள், இரண்டும் அங்கே ஒரே வகைப்பட்ட அரும்பொருள்கள் என்பதே.

இந்த மாற்றத்துக்கான பழி விந்தை அறைகளை மட்டும் சாராது. நம் ஆலயங்களிலேயே அது தொடங்கிவிட்டது என்பதை மறைப்பதிற் பயனில்லை. சாக்சனி நாட்டு ஆளுநர் அறிவர் பிரெடெரிக், விட்டன்பெர்க் கோட்டை ஆலயத்தில் சேர்த்திருந்த திருப்பண்டங்கள் 1509-இல் 5,005. 1520-இல் அவை ஏறத்தாழ 19,000 ஆகிவிட்டன. மோசே கண்ட எரியும் முட்புதரின் கிளையும், மூன்று இளைஞர் நின்ற தீச்சூளையின் கரியும் அவற்றுள் அடங்கும். இத்தனைக்கும் இத்தனை ஆண்டுப் பலன் என்று கணக்கிடப்பட்டது. அந்த ஆலயத்தை ஒட்டியே 1517-இல் மார்ட்டின் லூத்தரின் எதிர்ப்புக் குரல் எழுந்தது தற்செயலன்று. ஆசைக்கு எல்லையில்லாதபோது பொய்க்கும் எல்லையில்லை.

திருச்சபை தன்னைத் திருத்திக்கொள்ளத் தவறவில்லை. புனித அகுஸ்தீன் தம் காலத்திலேயே மறைச்சாட்சியரின் எலும்புகள் என்று சொல்லி விற்றுத் திரிந்த துறவியரைக் கண்டித்தார். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் திருப்பண்டங்களை விற்பதைத் தடுத்தது. 1563 டிசம்பரில் திரிதெந்தீன் பொதுச்சங்கம் தன் இறுதி அமர்வில் இரண்டு செய்திகளை ஒருங்கே கூறியது. ஒன்று, புனிதரின் திருப்பண்டங்களுக்கு வணக்கம் செலுத்துதல் முறையே. மற்றொன்று, மூடநம்பிக்கையும் இழிந்த ஆதாயமும் நீக்கப்படவேண்டும்; ஆயர் ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளாத புதிய திருப்பண்டம் எதையும் யாரும் ஏற்கலாகாது. வணக்கமும் வேண்டும், விசாரணையும் வேண்டும் என்பதே அச்சங்கத்தின் தெளிவு. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டில் வணக்கத்துக்குரிய திருப்பண்டங்களைச் சுட்டும்போது 'உண்மையான' என்ற அடைமொழியைச் சேர்த்ததும் அதே தெளிவினாலேயே.

ஆனால் பாறையினின்று எடுத்த ஒரு கல்லை யார் விசாரிப்பது? அதற்குத்தான் கோபன்ஹேகன் பொற்கொல்லரின் மகன் வரவேண்டியிருந்தது.

லிவோர்னோவில் இரு காட்சிகள்

நீல்ஸ் ஸ்டென்சன் என்பது அவருடைய பெயர். கற்றோர் வழக்கில் ஸ்தேனோ. லூத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவர். உடற்கூற்று ஆய்வில் இளமையிலேயே புகழ் பெற்றவர். கன்னத்தில் உமிழ்நீரைக் கொண்டுவரும் குழாய் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. உயிரின் வெப்பத்துக்கும் உணர்வுக்கும் இருப்பிடமென்று கவிஞரும் தத்துவரும் போற்றிய இதயம் உண்மையில் ஒரு தசையே என்று வெட்டிக் காட்டியவர் அவர். 1666-இல் இத்தாலியின் தொஸ்கானா நாட்டுக்கு வந்து, மெதிச்சி குலத்துப் பெருங்கோமகன் இரண்டாம் ஃபெர்டினாந்தோவின் ஆதரவில் ஃப்ளாரன்ஸ் நகரில் ஆய்வு நடத்தலானார்.

அவ்வாண்டில் லிவோர்னோத் துறைமுகம் அவருக்கு இரண்டு காட்சிகளைத் தந்தது. முதற்காட்சி ஜூன் மாதத்தில். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவில் நற்கருணைப் பவனி நகரத் தெருக்களில் செல்வதை ஓரமாக நின்று பார்த்தார். அவர் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது: இது வெறும் அப்பமாயின் இத்தனை மக்களும் அறிவிலிகள்; மெய்யாகவே கிறிஸ்துவின் உடலாயின் நான் ஏன் வணங்காமல் நிற்கிறேன்? இரண்டிலொன்று உண்மையாகத்தான் இருக்கவேண்டும். அந்தக் கேள்வியை அவர் மூடி வைக்கவில்லை.

இரண்டாம் காட்சி அக்டோபரில். லிவோர்னோவுக்கு அருகே மீனவர் மாபெரும் வெள்ளைச் சுறா ஒன்றைப் பிடித்தனர். அதன் தலையை ஃப்ளாரன்சுக்குக் கொண்டுவந்து ஸ்தேனோவிடம் ஒப்படைக்குமாறு பெருங்கோமகன் பணித்தார். வாயைத் திறந்து பார்த்தவர் கண்முன் வரிசை வரிசையாக நின்றவை யாவை? அரம் போன்ற ஓரமுடைய முக்கோணங்கள். விந்தை அறைகளில் அவர் முன்பே கண்டிருந்த மால்தாவின் நாக்குகள்!

இவ்வொப்புமையை முதலில் கண்டவர் அவரல்லர். 1616-இல் ஃபாபியோ கொலொன்னா என்னும் அறிஞர் நாக்குக் கற்கள் சுறாவின் பற்களே என்று எழுதியிருந்தார். அதற்கும் முன்பு, வத்திக்கானின் கனிமத் தொகுப்பைப் பேணிய மருத்துவர் மிக்கேலே மெர்காத்தி, சுறாவின் தலையையும் பற்களையும் செப்புத் தகட்டில் வரையச் செய்திருந்தார். ஆயினும் நாக்குக் கற்கள் பற்களே என்று அவர் முடிவு செய்யவில்லை. அச்சேறாமல் கிடந்த அந்தத் தகட்டின் படத்தையே ஸ்தேனோ 1667-இல் தம் நூலில் வெளியிட்டார்.

ஸ்தேனோவின் பெருமை, மற்றவர் நின்ற இடத்துக்கு அப்பாலும் கேள்வியைக் கொண்டுசென்றதில் உள்ளது. பல் என்றால், கடல்மீனின் பல் மலைப்பாறைக்குள் எவ்வாறு புகுந்தது? கல்லுக்குள்ளேயே வளர்ந்தது என்றால் அதன் வடிவம் சிதைந்திருக்கவேண்டும். கடினமான நிலத்தில் இறங்கும் மரத்தின் வேர் எப்படி முறுக்கிக்கொள்கிறது என்று பாருங்கள் என்றார். நாக்குக் கற்களோ சிறிதும் வடிவம் கெடாதவை. ஆகவே பற்கள் முன்னரே இருந்தன; அவற்றைச் சூழ்ந்த பொருள் அப்போது மென்மையான சேறாக இருந்தது; அது பின்னரே இறுகிப் பாறையாயிற்று. அப்படியாயின் இன்று நிலமாக இருப்பது ஒருகாலத்தில் கடலாக இருந்தது. 1669-இல் அவர் எழுதிய மற்றொரு சிறு நூலில், பாறை அடுக்குகளுள் கீழுள்ளதே முதலில் படிந்தது, மேலுள்ளது பிந்தியது என்ற விதியை வகுத்தார். புவியியலின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றும் அது கற்பிக்கப்படுகிறது.

இந்நூலில் அவர் விவிலியத்தைப் புறந்தள்ளவில்லை. தாம் கண்ட அடுக்குகளைத் தொடக்கநூலின் நீர்ப்பெருக்கோடு பொருத்திப் பார்த்தார். பூமியின் வயதை அவர் காலத்தவர் சில ஆயிரம் ஆண்டுகளாகவே எண்ணினர். மால்தாவின் பாறைகளுள் பெரும்பகுதி ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது என்றும், உள்ளங்கை அளவுள்ள பெரிய பற்கள் மறைந்துபோன மெகலோடான் என்னும் மாபெரும் சுறாவுக்குரியவை என்றும் இன்று நாம் அறிவோம். அவ்வளவு தொலைவு ஸ்தேனோ காணவில்லை. ஆயினும் அந்தப் பாதையின் வாயிலைத் திறந்தவர் அவரே. அத்துடன் தம் கருத்தை முன்வைக்கும்போது, மாற்றுக் கருத்துடையோர் தவறானவர் என்று நாம் வலியுறுத்தவில்லை என்று அடக்கத்தோடு எழுதியதையும் மறக்கலாகாது.

அதே மெதிச்சி அரண்மனையில் அவருடைய தோழராக இருந்த மருத்துவர் பிரான்செஸ்கோ ரெதியின் ஆய்வு நம் நாட்டையும் தொடுகிறது. இந்தியாவிலிருந்து திரும்பிய துறவியர் நஞ்சை உறிஞ்சும் பாம்புக்கற்களைக் கொண்டுவந்து கொடுத்தனர். தந்தை கிர்ஹர் அவற்றின் ஆற்றலை நம்பினார். ரெதியோ நஞ்சேற்றிய உயிர்கள்மீது அவற்றைச் சோதித்தார். கற்கள் எதையும் காப்பாற்றவில்லை. தம் முடிவுகளை 1671-இல் ஒரு நூலாக, கிர்ஹருக்கே எழுதிய மடலாக, மரியாதை குன்றாமல் வெளியிட்டார். பாம்புக்கல்லை நம்பி மருத்துவமனைக்குச் செல்லக் காலந்தாழ்த்துவோர் இன்றும் நம்மிடையே இல்லாமலில்லை. பொய்யான கல் உயிரையும் கொல்லும் என்பதை நாம் நினைவிற்கொள்வது நல்லது.

கல்லை இழந்தவர் கண்டது

ஒரு புனித மரபு பொய்யென்று தெரிந்தால் விசுவாசம் ஆட்டங்காணும் என்று அஞ்சுவோர் உண்டு. ஸ்தேனோவின் வாழ்வு அவர்களுக்கு மறுமொழி. மால்தாவின் நாக்குகள் நாக்குகளல்ல என்று அவர் அச்சிட்ட அதே 1667-ஆம் ஆண்டின் நவம்பரில், அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். லிவோர்னோவில் எழுந்த இரு கேள்விகளையும் ஒரே நேர்மையோடு அவர் தொடர்ந்தார். ஒன்று அவரைக் கடலின் அடிக்கு அழைத்துச் சென்றது; மற்றொன்று நற்கருணைப் பேழையின் முன் மண்டியிடச் செய்தது.

1675-இல் குருவானார். 1677-இல் ஆயராகத் திருநிலை பெற்று, கத்தோலிக்கர் சிதறி வாழ்ந்த வட ஜெர்மானிய நாடுகளுக்குத் திருத்தந்தையின் பதிலாளராக அனுப்பப்பட்டார். அங்கே மிக எளிய வாழ்வு வாழ்ந்தார். ஏழைகளின் பொருட்டு ஆயரின் மோதிரத்தையும் சிலுவையையும் விற்றார். நோன்பாலும் உழைப்பாலும் உடல் நலிந்து, 1686-இல் ஷ்வெரின் நகரில் 48-ஆம் வயதில் இறந்தார். அவருடைய உடல் ஃப்ளாரன்சின் புனித லாரன்ஸ் பேராலயத்தில் துயில்கொள்கிறது. 1988 அக்டோபர் 23-ஆம் நாள் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்தார்.

இதிலுள்ள இனிய முரணை நோக்குங்கள். பவுலின் பெயரால் வழங்கிய கல்லிலிருந்து பவுலின் பெயரை நீக்கியவர், பவுல் வாழ்ந்தவாறே வாழ்ந்து முடித்தார். திருத்தூதர் பாம்பை உதறிவிட்டு நோயாளியின் படுக்கைக்குச் சென்றார். ஸ்தேனோ கட்டுக்கதையை உதறிவிட்டு ஏழையின் வாசலுக்குச் சென்றார். விந்தை அறைகளில் வைக்கப்பட்டிருந்த போலித் திருப்பண்டத்தை விசாரித்தவரின் எலும்புகளே இன்று உண்மையான திருப்பண்டங்களாக வணக்கம் பெறுகின்றன.

நம் கைகளில் உள்ளவை

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. புனித நாட்டுக்குத் திருப்பயணம் செல்வோர் இந்நாளில் பெருகிவருகின்றனர். யோர்தான் நீரும், பெத்லகேம் மண்ணும், ஒலிவ மரச் சிலுவையும் நம் இல்லங்களுக்கு வருகின்றன. அவை நினைவுப் பொருள்களாக இருக்கும்வரை நன்றே. அதற்குமேல் ஒன்றை அவற்றின்மேல் ஏற்றும்போதுதான் இடர் தொடங்குகிறது.

நாம் குருத்துவப் பணியில் இளையராய் இருந்த நாளில், மூதாட்டி ஒருவர் கைக்குட்டையில் முடிந்த சிறு கல்லொன்றைக் கொண்டுவந்தார். "கல்வாரி மலைக் கல்லு சாமி. பீடத்துக்குள்ள வச்சிருங்க" என்றார். திருப்பயணம் சென்ற உறவினர் ஒருவர் கடையில் வாங்கிவந்து கொடுத்ததாம். குருமடத்தில் கற்ற திருச்சபைச் சட்டம் அப்போது நம் நாவின் நுனியில் இருந்தது. கடையில் விற்ற கல்லுக்குப் பீடத்தில் இடமில்லை என்பதையும், இதெல்லாம் ஏமாற்று என்பதையும் சற்று உரக்கவே சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் கல்லை மீண்டும் முடிந்துகொண்டு போனார்.

சில மாதங்கள் கழித்து அவருக்கு நோயில்பூசுதல் வழங்கச் சென்றோம். தலையணைக்கு அருகில் செபமாலை இருந்தது. அதனோடு அந்தக் கல்லும் இருந்தது. அவர் கண்கள் நம்மை நோக்கின. திட்டுவாரோ என்ற அச்சம் அவற்றில் தெரிந்தது. அந்த அச்சத்தைத் தந்தவர் நாமே. நாம் எடுத்துச் சென்ற பாடுபட்ட சுரூபத்தை அவர் கையில் வைத்து, "இவர் பட்ட பாட்டை நினைச்சுத்தானே பாட்டி அந்தக் கல்ல வச்சிருக்கீங்க?" என்றோம். "ஆமா சாமி" என்றார். சுரூபத்தை முத்தமிட்டு, நற்கருணை உட்கொண்டார். கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அன்று அந்த அறையில் மெய்யாகவே ஆண்டவர் இருந்தார். அவருக்குக் கல்லின் சான்று தேவைப்படவில்லை.

நாம் முன்பு சொன்னதில் சட்டப் பிழை ஏதுமில்லை. திருப்பண்டங்களை விற்றல் அறவே ஆகாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு கூறுகிறது. அவற்றின் உண்மையை எவ்வாறு உறுதிசெய்வது, எவ்வாறு பேணுவது என்று 2017-இல் உரோமை விரிவான அறிவுரையும் தந்துள்ளது. பிழை நம் குரலில் இருந்தது. மால்தாவின் மக்கள் பாம்பைக் கண்டதும் அந்த மனிதரைத் தீர்ப்பிட்டது போல, நாம் கல்லைக் கண்டதும் அந்தத் தாயைத் தீர்ப்பிட்டுவிட்டோம். உதறவேண்டியது பாம்பை; கையை அன்று. ரெதி கிர்ஹருக்கு எழுதிய மடலின் மரியாதையும், ஸ்தேனோ தம் நூலில் காட்டிய அடக்கமும் நமக்கு அன்று இல்லாமற் போயின.

மறுபுறம், அன்பின் பெயரால் பொய்யை வளரவிடுவதும் அன்பாகாது. கண்ணீர் வடிக்கும் சுரூபம் என்றும், எண்ணெய் சுரக்கும் படம் என்றும் செய்தி பரவும்போது கூட்டமாக ஓடுகிறோம். ஆயரின் சொல்லுக்குக் காத்திருப்பதில்லை. அத்தகைய விந்தைகள் இல்லாவிடில் விசுவாசம் வறண்டுவிடுமோ என்ற ஐயமே நம்மை ஓடச்செய்கிறது. விவிலியத்துக்குக் கல்லாலும் கொம்பாலும் ஆணியாலும் முட்டுக்கொடுக்க முனைந்த அரசர்களின் ஐயமும் இதுவே. திருநூல் அந்த முட்டுகளைக் கேட்கவில்லை. அவை ஒவ்வொன்றாகச் சரிந்த பின்னரும் அது நிற்கிறது.

மால்தாவின் பாறைகளில் அந்தக் கற்கள் இன்னும் கிடைக்கின்றன. அவற்றைக் கையிலெடுப்போர், மனிதன் தோன்றுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் முன்பே நீந்தித் திரிந்த பேருயிரின் பல்லைக் காண்கின்றனர். கடலையும் அதில் வாழும் பெரும் உயிர்களையும் படைத்தவரின் பெருமைக்குப் பாம்பின் நாக்கைவிட அது பன்மடங்கு பெரிய சான்று. அந்தக் கரையில் மூட்டிய தீ எப்போதோ அணைந்துவிட்டது. ஆனால் பாம்பை உதறிய அதே கை நோயாளியின்மேல் மென்மையாக இறங்கிய செய்தி, திருத்தூதர் பணிகளை நாம் வாசித்து முடிக்கும்போது நம்மைத் தேடி வருகிறது. நம் கைகள் உதறவேண்டியவை எவை, தாங்கவேண்டியவர்கள் யாவர் என்று அப்போது நம்மையே கேட்டுக்கொள்வோம்.